வானமேறிய மாதர் – 6: இரண்டு சமாஜங்களும் ஓர் ஆகாயமும்

சென்னையினின்று மெயில் வண்டியில் புறப்பட்டு, கிருஷ்ணையையும் கோதாவரியையும் கடந்து, சில்கா ஏரியின் ஓரமாகச் சென்று, மகாநதியையும் தாண்டி ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கும் தமிழருக்குக் கல்கத்தா மாநகரம் முதன்முதலில் ஒரு நதியாகவும் அந்நதியின் மேல் நிற்கும் ஓர் இரும்புப் பாலமாகவுமே தரிசனம் தருகிறது. 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலத்தைக் கண்டு வியப்பவர்களுள் பலர், அதற்கு முன் 1874 முதல் அவ்விடத்தில் கிடந்த மிதவைப் பாலத்தைப் பற்றி அறியமாட்டார்கள். மிதவைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் பாதை அமைத்த அந்தப் பாலத்தை, கப்பல்கள் ஆற்றில் மேலே செல்ல வேண்டிய வேளைகளில் நடுவே பிரித்து விலக்குவார்கள். பிரித்த பாலம் மறுபடி கூடும் வரையில் வண்டியும் மாடும் மூட்டையும் மனிதருமாக ஹவுராக் கரையில் காத்து நிற்க வேண்டியதுதான். ஆற்றைக் கடப்பதற்கே இத்துணைக் காத்திருப்பு வேண்டியிருந்த அக்காலத்தில், 1910 டிசம்பரில், எதிர்க்கரை நகரத்தின் தென்கோடியிலுள்ள டாலிகஞ்சு மைதானத்திலிருந்து ஒரு வங்கப் பெண்மணி ஆகாய விமானத்தில் ஏறி மேலே சென்றார்.

சென்ற இதழில், 1930 மே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்த ஏமி ஜான்ஸன், வழியில் கல்கத்தாவின் டம்டம் நிலையத்தில் இறங்கிச் சென்ற வரலாற்றைக் கண்டோம். அவர் இந்நகருக்கு விருந்தினராக வந்து போனவர். இந்த வாரம் நாம் காணப்போகிற இருவரும் இத்தேசத்தவர். ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்தவர், மற்றவர் டில்லியில் பிறந்து லாகூரில் பறக்கக் கற்றவர். இருவரும் இளமையிலேயே கைம்மை அடைந்தவர்கள். இருவரும் மறுமணம் செய்துகொண்டவர்கள். இருவரும் சமயச் சீர்திருத்தத்தை ஜீவனாகக் கொண்ட இரண்டு சமாஜங்களின் நிழலில் வாழ்ந்தவர்கள். இந்த ஒற்றுமை தற்செயலானது என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஹவுராவில் இறங்கும் நம்மவர்கள் பெரும்பாலும் பேலூர் மடத்தையும், எதிர்க்கரையிலுள்ள தட்சிணேசுவரத்தையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பரமஹம்ஸரின் பெயரைக் கல்கத்தாவின் படித்த வர்க்கத்தாரிடையே முதன்முதலில் பரப்பிய, பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனரை அவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்களோ, அறியேன். ஆயினும் தமிழ்நாட்டுக்கும் அவர் அந்நியரல்லர். 1864-இல் அவர் சென்னைக்கு வந்து நிகழ்த்திய பிரசங்கங்களின் பயனாகவே அவ்வாண்டில் நம் சென்னையில் வேத சமாஜம் தோன்றிற்று. ஜாதி பேதத்தை நீக்கவும், விதவைகள் மீண்டும் விவாகம் செய்துகொள்ளவும், பெண்ணுக்கு 14 வயது நிரம்பிய பின்னரே மணம் முடிக்கவும் சட்ட வழி திறந்தது 1872-ஆம் வருஷத்து விவாகச் சட்டம். அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களுள் முதல்வர் அவரே.

அந்தக் கேசவரின் மருமகளாகப் பின்னாளில் வந்தவர் மிருணாளினி. 1879-இல் பிறந்த இவர், மிக இளம் பிராயத்திலேயே பாயிக்பாரா ஜமீன் ராஜா இந்திரசந்திர சிங்கருக்கு வாழ்க்கைப்பட்டுச் சில வருஷங்களுக்குள்ளாகவே அவரை இழந்தார். செல்வம் இருந்தது, ராணி என்ற பட்டமும் இருந்தது, ஆயினும் அக்காலத்து வங்கத்தில் ஒரு ஜமீன் வீட்டு விதவைக்கு அரண்மனையும் ஒருவகைச் சிறையே. ‘பிரதித்வனி’ முதலிய கவிதைத் தொகுதிகளை எழுதித் தம் துயரத்தை ஆற்றிக்கொண்டிருந்த இவரை, கேசவரின் புதல்வர் நிர்மல சந்திர சேனர் மணம் புரிந்தார். கேசவர் 1884-லேயே காலமாகிவிட்டமையால் இத்திருமணத்தைக் காணவில்லை. ஆனால் இப்படி ஒரு மணம் தம் வீட்டிலேயே நடப்பதற்கு வேண்டிய மனநிலையை ஆக்கிவைத்துச் சென்றவர் அவர்தாம்.

பெல்ஜியம் தேசத்து விமானியான தெ காதேர் பிரபு, 1910-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தம் விமானத்துடன் கல்கத்தாவுக்கு வந்து வேடிக்கைப் பறப்புகளை நிகழ்த்தினார். ரைட் சகோதரர்களின் முதற் பறப்பு நிகழ்ந்து ஏழே ஆண்டுகள் சென்றிருந்தன. மரச்சட்டம், துணி, கம்பி இவற்றால் பூட்டப்பட்ட அந்த யந்திரத்தில் மூடிய அறை கிடையாது. காற்று நேரே முகத்தில் வந்து மோதும். கீழே எட்டிப் பார்த்தால் பாதத்துக்கும் பூமிக்கும் இடையே ஒன்றுமிராது. கரணம் தப்பினால் மரணம் என்பதை அறிந்தே ஆண்களும் தயங்கி நின்ற அந்த ஆசனத்தில் மிருணாளினி ஏறி அமர்ந்தார். ஆகாய விமானத்தில் பறந்த முதல் இந்தியப் பெண் என்னும் கீர்த்தி அன்று அவருக்கு வாய்த்தது. விமானத்தைச் செலுத்தியவர் வேறொருவர் என்பது மெய்யே. ஆனால் கணவனை இழந்தவள் எதிரே வந்தாலே அபசகுனம் என்று எண்ணிய சமூகத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கும்படி மேலே சென்றாள் என்பதை எண்ணும்போது, விமானத்தைச் செலுத்தியவர் யார் என்னும் கேள்வி சற்றுச் சிறுத்துப் போகிறது. பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காக இவர் எழுதவும் பேசவும் முற்பட்டார். சொத்துடையவள் என்ற முறையில் அரசாங்கத்தின் சட்டங்களுக்கெல்லாம் கட்டுப்பட்டிருந்தும், பெண் என்பதனாலேயே வாக்களிக்க இயலாமற்போன அநீதியை அவர் எடுத்துக் காட்டினார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் கிடைத்த அவ்வுரிமை, வங்கத்தில் 1925-இல்தான் கைகூடிற்று.

இங்கே நாம் சில காலம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1872 டிசம்பரில் தயானந்த சரஸ்வதி சுவாமிகள் கல்கத்தாவுக்கு விஜயம் செய்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அதுவரையில் கௌபீனதாரியாகச் சுற்றி, சமஸ்கிருதத்திலேயே வாதம் செய்துவந்த அந்தச் சந்நியாசிக்கு, ஜனங்களின் பாஷையாகிய ஹிந்தியில் பேசும்படியும், சபைக்கு ஏற்ப வஸ்திரம் தரிக்கும்படியும் யோசனை கூறியவர் கேசவ சந்திர சேனர். வேதம் அபௌருஷேயம் என்பதில் இருவரும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. எனினும் அந்த யோசனையைச் சுவாமிகள் ஏற்றுக்கொண்டார். 1875-இல் பம்பாயில் ஆரிய சமாஜம் ஸ்தாபிக்கப்பட்டபோது, ஹிந்தியில் பிரசாரம் செய்யும் பழக்கம் அதற்குப் பெரும்பலமாயிற்று. பஞ்சாபில் அது காட்டுத்தீயாகப் பரவிற்று. பெண்ணுக்கும் வேதம் ஓதும் அதிகாரம் உண்டு என்று உபதேசித்த அச்சமாஜத்தார், ஜலந்தரில் லாலா தேவராஜ் நிறுவிய கன்யா மகாவித்யாலயம் போன்ற பள்ளிகளைக் கண்டார்கள். நாளடைவில் விதவா விவாகத்தையும் தைரியமாக நடத்திவைத்தார்கள். கங்கைக் கரையில் இரு பெரியோர் உரையாடியதன் பலன், ஒரு தலைமுறை கழித்து ராவி நதிக்கரையில் விளைந்தது எனலாம்.

அந்தச் சமாஜத்தில் கடைசிவரை பற்று நீங்காதிருந்தவர் சரளா தக்ரால். 1914 ஆகஸ்டு 8-ஆம் தேதி டில்லியில் பிறந்த இவர், 16-ஆம் வயதில் பி. டி. சர்மா என்ற விமானிக்கு மாலையிட்டார். கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே தபால் விமானம் ஓட்டியவர் சர்மா. அவர் குடும்பத்தில் ஒன்பது பேர் விமானிகள். மருமகள் சமையலறையை விட்டு வெளியே வருவதே குற்றமென்று கருதிய வீடுகள் மலிந்திருந்த அந்நாளில், கணவரைக் காட்டிலும் மாமனாரே அதிக உற்சாகங்காட்டிச் சரளாவை லாகூர் விமானச் சங்கத்தில் சேர்த்துவிட்டார் என்பது சரளாவே பிற்காலத்தில் சொன்ன செய்தி. 1936-இல், 21 வயதில், நான்கு வயதுப் பெண் குழந்தைக்குத் தாயாக இருந்த நிலையில், புடவை உடுத்தியபடியே அவர் ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். (இவருக்கு முன்பே 1932-இல் உரிமம் பெற்றவராக ஊர்மிளா பாரிக்கின் பெயரையும் சொல்வதுண்டு.)

ஜிப்ஸி மாத் விமானத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த இருக்கைகள் கொண்ட சிறு விமானம் அது. முன்னிருக்கையில் ஆசிரியரும் பின்னிருக்கையில் மாணாக்கரும் அமர்வார்கள். இருவருக்கும் தனித்தனியே கைப்பிடியும் காலால் மிதிக்கும் சுக்கான் கட்டையும் உண்டு. ஒருவர் அசைத்தால் மற்றவருடையதும் உடன் அசையும். எஞ்சினின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாதாகையால், தலைக்கவசத்தின் காதுகளோடு பொருத்திய ஒரு குழாயின் வழியாக ஆசிரியர் உபதேசம் செய்வார். வாலை உயர்த்து, வேகம் குறைகிறது, இப்போது இறக்கு என்று அக்குழாயின் வழியே வரும் குரலே மாணாக்கருக்கு வேதவாக்கு. பிறகு ஒரு நாள், விமானம் தரையிறங்கி நின்றதும், ஆசிரியர் முன்னறிவிப்பின்றி இறங்கிக்கொண்டு, இனி நீயே ஒரு சுற்று போய்வா என்று சொல்லி விலகி நிற்பார். அப்போதும் மாணாக்கர் பின்னிருக்கையிலேயே இருக்க வேண்டும். கனம் சமனாக இருப்பதற்காக அவ்விமானத்தைத் தனியே ஓட்டுபவர் அமர வேண்டிய இடம் அதுதான். ஆகவே, ஒவ்வொரு நாளும் தமக்கு முன்னால் கண்ட தலையும் தோளும் இல்லாத காலியான முன்னிருக்கையைப் பார்த்துக்கொண்டே அவர் ஓடுதளத்தில் விரைய வேண்டும். குழாய் இருக்கும், குரல் இராது. கேட்ட உபதேசம் தம் கைகளில் இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதை அந்தச் சில நிமிஷங்களே தீர்ப்புச் செய்யும். சமய உபதேசத்துக்கும் இதுவே உரைகல் என்பது என் எண்ணம்.

அந்த உரைகல்லில் சரளாவை விதி இரண்டாம் முறையும் உரைத்துப் பார்த்தது. லாகூர் சங்கத்தின் விமானத்திலேயே 1,000 மணி நேரம் பறந்து முடித்து, வாணிக விமானிக்குரிய உரிமத்துக்காக அவர் முயன்றுகொண்டிருந்தபோது, 1939-இல் ஜோத்பூரில் நேர்ந்த விமான விபத்தில் சர்மா உயிரிழந்தார். சரளாவுக்கு அப்போது வயது 24. அவ்வாண்டிலேயே மூண்ட உலக யுத்தத்தினால் சிவிலியன் பயிற்சிகளும் நின்றுபோயின. வாழ்க்கைத் துணையும் தொழிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் பறிபோன நிலையில் அவர் லாகூருக்குத் திரும்பி, மேயோ கலைப் பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். அங்கே அவர் கற்றது, அபனீந்திரநாத் டாகுர் கல்கத்தாவில் வளர்த்த வங்காள பாணி ஓவியம். கல்கத்தாவின் கொடை, இம்முறை கலையின் வடிவில், மறுபடியும் அவரை வந்தடைந்தது.

தேசப் பிரிவினையின்போது தம் இரு பெண்களுடன் டில்லிக்கு அகதியாக வந்த சரளா, அங்கே ஆர். பி. தக்ராலைச் சந்தித்து 1948-இல் மறுமணம் செய்துகொண்டார். ஆரிய சமாஜத்தைச் சேர்ந்தவராதலின் அம்மணம் அவருக்குத் தர்ம விரோதமாகத் தோன்றவில்லை. அவர் சார்ந்த சமூகமும் குறுக்கே நிற்கவில்லை. பிறகு அவர் புடவைகளுக்கும் ஆபரணங்களுக்கும் சித்திர வேலைப்பாடு வகுத்து, அதையே ஒரு வியாபாரமாக வளர்த்தார்; விஜயலக்ஷ்மி பண்டிட் அவருடைய புடவைகளை விரும்பி உடுத்தியவர்களுள் ஒருவர். 2008-இல் காலமாகும் வரை அவர் தம் கைகளால் உழைத்தே வாழ்ந்தார். ஆனால் வாணிக விமானி ஆகும் எண்ணம் மட்டும் நிறைவேறாமலேயே போயிற்று.

சமாஜங்கள் இல்லாவிடில் இவ்விருவரும் பறந்திருக்க மாட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகும். ஜமீன் சொத்தும் விமானிகள் நிறைந்த குடும்பமும் அவர்களுக்கு இருந்தன. எத்தனையோ ஏழைப் பெண்களுக்கு அவை இல்லை. சீர்திருத்தக்காரர்களும் குறையற்றவர்களல்லர், பெண்ணின் விவாக வயதுக்குச் சட்டம் செய்யப் பாடுபட்ட கேசவரே, 1878-இல் 14 வயது நிரம்பாத தம் மகள் சுநீதியைக் கூச் பிகார் ராஜாவுக்கு மணம் செய்து கொடுத்து, அதனால் தம் சமாஜமே இரண்டாகப் பிளக்கக் காரணமானார். ஆனால் செல்வம் மட்டும் போதுமாயிருந்தால், இந்நாட்டு ஜமீன்களிலும் சமஸ்தானங்களிலும் இருந்த ஆயிரக்கணக்கான ராணிகளில் எத்தனையோ பேர் மிருணாளினிக்கு முன்னமேயே வெளியே வந்திருக்க வேண்டும். பணம் விமானத்தை வாங்கித் தரும். ஏறிக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் மாமனாரை அது வாங்கித் தராது. அப்படிப்பட்ட மாமனாரை உண்டாக்கியது, வீட்டுக்குள் புகுந்து பெண்ணுக்கும் மந்திரம் சொல்லிக் கொடுத்த சமயச் சீர்திருத்தமே.

சுதந்திரம் வந்து, சட்டப்படி சமத்துவம் ஏற்பட்ட பிறகும் விமான உத்தியோகம் பெண்களுக்கு எளிதில் வாய்த்துவிடவில்லை. வங்கத்தைச் சேர்ந்த துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸின் முதற்பெண் விமானியாக 1966-இல் அமர்ந்தார். மிருணாளினியின் பறப்புக்கும் இதற்கும் இடையே 56 ஆண்டுகள். 1985 நவம்பரில் சௌதாமினி தேஷ்முக் தலைமையில், விமானிகளும் பணியாளரும் பெண்களாகவே அமைந்த விமானம் ஒன்று அதே கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. விமானத்தைக் காற்றும் எஞ்சினும் தாங்குகின்றன; அதில் பக்திக்கு வேலையில்லை. ஆனால் எந்தப் பெண்ணை அதில் ஏற விடுவது என்பதைத் தீர்மானித்தவை வீடுகளே. அவ்வீடுகளின் மனத்தை மாற்றும் வேலையை, சட்டசபைகளுக்கு வெகுகாலம் முன்பே இந்த இரண்டு சமாஜங்களும் தொடங்கிவிட்டன.

அடுத்த இதழில், சென்னையில் பிறந்து, மைசூர் மகாராஜாவின் டகோடா விமானத்தில் சர்தார் படேலை ஏற்றிச் சென்ற உஷா சுந்தரத்தையும், பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியையும் காண்போம்.

(தொடரும்)