வடமும் வில்லும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன. ஆயினும், அந்த ஷாஃப்ட்டுகளில் கூண்டேறி இறங்கி ஜீவனம் நடத்திய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தங்கள் காருக்கு உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிட்டு, அதனுடன் வந்த சுருள்வில் ஒவ்வாமற்போகவே மாற்று வில் எதை வாங்குவது என்று யோசிக்கும்போது, அவர்களுக்கு வேண்டிய விதி தம் பாட்டன்மார் காலடியில் தினந்தோறும் செயற்பட்டுக்கொண்டிருந்தது என்பதை அறிவார்களாயின், பாதிச் சிரமம் தீர்ந்துபோகும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. கூண்டைத் தாங்கும் ஒரே வடத்தில் அன்று, இடையிடையே கூண்டு மாறி மாறித்தான் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடிந்தது. நாற்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வடம் ஒன்று இரண்டு கிலோமீட்டர் தொங்குவதாகக் கொள்வோம். அதன் நுனியிலுள்ள கூண்டில் மேலும் ஒரு டன் பாரத்தை ஏற்றினால், வடம் கால் மீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீண்டு கூண்டைத் தாழ்த்தும். பாரத்தை இறக்கினால் கூண்டு பழைய நிலைக்கு மீளும். மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ என்பது அதன் கடினம். நீட்சி பாரத்துக்கு நேர்விகிதமாக இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட நியமம் இதுவே. வடத்தின் நீளம் பாதியானால் கடினம் இரட்டிப்பாகும். ஆகையால்தான் ஆழத்தில் நின்ற கூண்டு மேலும் கீழும் ஆடியதுபோல மேல்மட்டத்தில் நின்ற கூண்டு ஆடியதில்லை.

இனிக் காருக்கு வருவோம். பத்து மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை, 72 மில்லிமீட்டர் சராசரி விட்டத்தில், எட்டுச் சுற்றுகளாகச் சுற்றினால் கிடைக்கும் வில்லின் கடினமும் ஏறக்குறைய அந்த மூன்றரைக் கிலோவேதான். இரண்டு கிலோமீட்டர் வடம் செய்ததை இரண்டு மீட்டருக்கும் குறைந்த கம்பி செய்துவிடுகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புண்டு! வடம் இழுபடுகிறது, சுருளின் கம்பியோ முறுக்கப்படுகிறது, ரகசியம் அவ்வளவே. அந்த முறுக்கத்தில் கம்பியின் கனத்துக்கு அபாரமான செல்வாக்கு உண்டு. கனம் ஒரு மில்லிமீட்டர் கூடிப் பதினொன்றானால் கடினம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். உயரத்தைக் குறைப்பதற்காகச் சில பட்டறைகளில் வில்லில் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். வடத்தைக் குறுக்கினால் நேர்வதே இங்கும் நேர்கிறது. எட்டுச் சுற்று ஏழாகும்போது வில் ஏழில் ஒரு பங்கு அதிகக் கடினமாவதோடு, வில்லைத் தாங்கும் இருக்கையில் சமமாக அமர வேண்டிய அதன் முனையும் கெட்டுவிடுகிறது. இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

ஷாக் அப்சார்பரில் வில்லைத் தாங்கும் திருகு வளையத்தை இறுக்கினால் வில் கடினமாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சீராகச் சுற்றப்பட்ட வில்லில் அது காரின் உயரத்தை மட்டுமே மாற்றும். கடினம் வேண்டுமானால் வில்லையே மாற்ற வேண்டும்.

தேர்வு பாரத்திலிருந்து தொடங்கட்டும். ஊரில் எடைமேடை இருக்குமே! முன்சக்கரங்களை மட்டும் அதில் ஏற்றி நிறுத்து, வந்த எடையைப் பாதியாக்கி, வில்லின் மேல் அமராத சக்கரம் முதலியவற்றின் எடையைக் கழித்துவிடலாம். மீதி 260 கிலோ என்றால், மூன்றரைக் கிலோ வில் 74 மில்லிமீட்டர் அமுங்கி, வினாடிக்குச் சுமார் 1.8 தடவை துடிக்கும். ஏழு கிலோ வில்லோ 37 மில்லிமீட்டரே அமுங்கி, 2.6 தடவை துடிக்கும். சாதாரணக் கார்களில் இத்துடிப்பு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே இருப்பதே சுகமான பிரயாணத்துக்கு உகந்தது. பந்தயக்காரர் விரும்பும் கடினத்தைப் பங்காருபேட்டைச் சாலையின் வேகத்தடைகளில் சுமந்து திரிவதில் பிரயோஜனம் ஏதுமில்லை. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஆம்பூருக்கோ வேலூருக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது அடிதட்டாத வரம்புக்குள் மிருதுவான வில்லே நமக்கு ஏற்றது என்பது என் தீர்மானம். வில் சக்கரத்துக்கு நேரே அமையாமல் உள்ளே தள்ளி அமைந்திருந்தால், கணக்கு மாறும். சக்கரம் பத்து அங்குலம் எழும்போது வில் ஏழு அங்குலமே அமுங்குமானால், வில்லின் கடினத்தில் பாதிதான் சக்கரத்துக்குக் கிட்டும்.

உள்விட்டமும் நீளமும் ஷாக் அப்சார்பருக்குப் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடினமான குட்டை வில், ஜாக்கியில் காரைத் தூக்கியவுடன் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்துவிடும். அதற்கு மெல்லிய துணைவில் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். கடினத்தை இரட்டிப்பாக்கினால், துடிப்பை முன்போலவே அடக்குவதற்கு ஷாக் அப்சார்பரின் தடுப்புச் சக்தியும் 40 சதவீதம் போல உயர வேண்டும். அந்தத் திறன் அதற்கு உண்டா என்று வாங்குமுன்பே விசாரிப்பது நலம்.

பொருத்திய பின் சில நாள் ஓட்டி, வில் தன் இடத்தில் படிந்ததும், நான்கு மூலைகளிலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து வளையங்களைச் சரிசெய்து, அதற்குப் பின்னரே வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உயரம் மாறும்போது சக்கரங்களின் சாய்வும் உடன் மாறிவிடுகிறது.