காட்டறிவும் காப்புரிமை வழக்கறிஞரும்

கேரள மாநிலத்தின் தென்பகுதியில், திருவனந்தபுரம் மாவட்டத்து மலைச்சரிவில் அமைந்துள்ளது போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் இவ்விடத்திலிருந்தே புறப்படுகின்றனர். இம்மலைத்தொடரின் காடுகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். இவர்களிடையே ஏட்டில் எழுதப்படாத மூலிகையறிவு மிகுதியாக உண்டு. அவ்வறிவு ஆய்வுக்கூடத்தை அடைந்து, அங்கிருந்து சந்தைக்குச் செல்லும்போது, அதற்குரியவர்களின் உரிமை காக்கப்படுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதில் காப்புரிமை வழக்கறிஞரின் பங்கு இன்றியமையாததாகும்.

ஆரோக்கியப்பச்சை

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அகத்திய மலைக்காடுகளில் ஆய்வு நிகழ்த்தியது. வழிகாட்டிகளாக உடன்சென்ற காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் கனிகளை உண்டு, களைப்பின்றி நடந்தனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. தாவரவியலார் இதனை டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்பர். பின்னர் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிலையம், இச்செடியுடன் வேறு சில மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது.

இதனைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்திற்கும், விற்பனையில் 2 விழுக்காடு பங்கிற்கும் வழங்கப்பட்டது. இவற்றிற் பாதி காணிக்காரருக்கு உரியதென நிலையம் முடிவு செய்தது. 1997இல் காணிக்காரர் நலனுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை அதற்குச் சேர்ந்தது. பழங்குடி அறிவின் பயனைப் பகிர்ந்துகொண்ட முன்னோடி முயற்சியாக உலகம் இதனைப் போற்றிற்று.

எனினும் ஒன்று கருதத்தக்கது. காணிக்காரர் பெற்ற பங்கு, காப்புரிமையினால் தாமாகவே அடைந்த உரிமையன்று. நிலையத்தின் நல்லெண்ணத்தையும் ஒப்பந்தத்தையும் சார்ந்தே நின்றது. பச்சிலையைக் காட்டிலிருந்து எடுப்பதிலும் பயிரிடுவதிலும் வனத்துறையுடன் இணக்கம் ஏற்படாமையால் உற்பத்தியும் தடைப்பட்டது. உற்பத்தி குன்றினால் பங்கும் குன்றும். இத்தகைய இடர்களை முன்னறிந்து ஒப்பந்தத்தில் இடம்பெறச் செய்வது சட்ட வல்லுநரின் கடமையாகும்.

தொழிலின் இயல்பு

காப்புரிமை என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளையோ முறையையோ, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பிறர் பயன்படுத்தாவண்ணம் தடுக்கும் உரிமை. முன்பே அறியப்பட்ட ஒன்றிற்கு இது கிடைத்தலாகாது. ‘இது புதியதா, பழையதா?’ என்பதே வழக்குகள் பலவற்றின் உயிர்நாடி. ஆதலின் இத்துறை வழக்கறிஞருக்குச் சட்டத்துடன் வேதியியல், உயிரியல், பொறியியல் போன்றவற்றுள் ஒன்றிலேனும் பயிற்சி இருத்தல் நன்று. காப்புரிமை முகவராகப் பதிவு பெறுவதற்கோ விஞ்ஞானம் அல்லது தொழில்நுட்பப் பட்டம் தேவை என 1970ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

வழக்கு பல படிகளில் நிகழும். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கப்பட்டது வெளியான ஓராண்டுக்குள் தொடர்புடையோர் எதிர்க்கலாம். அதன்பின் நீக்கம் கோரி உயர்நீதிமன்றத்தை நாடலாம். கேரளத்து விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டவை.

வாய்மொழியும் சான்றாகும்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்தது. ஆயினும் 1995இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் இதனை எதிர்த்துப் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் முன்வைத்தது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அந்நாட்டின் அன்றைய சட்டப்படி, பிற நாட்டில் வாய்மொழியாக வழங்கும் அறிவு சான்றாகாது. அச்சிட்ட ஆவணமே வேண்டும். மஞ்சளுக்கு நூல்கள் இருந்தன. 1987இல் ஆரோக்கியப்பச்சையின் பயனைக் கூற, காணிக்காரரின் சொல்லே இருந்தது.

இந்தியச் சட்டம் பிற்காலத் திருத்தங்களால் இக்குறையை நீக்கியுள்ளது. உள்ளூர் அல்லது பழங்குடிச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ வழங்கும் அறிவு, 25ஆம் பிரிவின்படி எதிர்ப்புக்கும், 64ஆம் பிரிவின்படி நீக்கத்துக்கும் காரணமாகும். மரபறிவு கண்டுபிடிப்பாகாது என 3ஆம் பிரிவும் கூறுகிறது. 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டமோ, நம் நாட்டு உயிரியல் வளத்தின் அடிப்படையில் காப்புரிமை நாடுவோர் சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் அனுமதியையோ பதிவையோ பெறவேண்டுமென விதிக்கிறது.

கட்டணம் பெறாத பணி

சட்டம் வழி திறந்துவிட்டது. ஆயினும் வாய்மொழியைப் பிரமாணப் பத்திரமாக்கி, செடியின் இனத்தை உறுதிசெய்து, காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்ய ஒருவர் வேண்டுமன்றோ? இதற்குரிய வல்லுநர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளனர். அவர்களது கட்டணம் மலைவாசிகளுக்கு எட்டாதது. பழங்குடியினர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. வறியோர்க்குக் கட்டணமின்றி உதவுதல் தம் தலையாய கடமைகளுள் ஒன்று என வழக்கறிஞர் மன்ற விதிகளும் வலியுறுத்துகின்றன.

இத்தகைய பணியின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றிற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை, புற்றுநோயாளர் உதவிச் சங்கம் சென்னை அலுவலகத்தில் எதிர்த்தது. பொதுநலச் சட்ட அமைப்பான லாயர்ஸ் கலெக்டிவைச் சேர்ந்த ஆனந்த் குரோவர் சங்கத்தின் சார்பில் வாதிட்டார். 2006இல் அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இளைஞர் ஒருவர் விஞ்ஞானப் பட்டத்துடன் சட்டமும் பயின்று இத்தொழிலில் நுழையும்போது, பெருநிறுவனங்களின் வழக்குகள் வருவாயைத் தரும். அவ்வருவாயைக்கொண்டு ஆண்டுதோறும் சில நாட்களையேனும் மலைக்கிராமங்களுக்கு ஒதுக்குவாராயின், முதியோர் நினைவில் மட்டும் தங்கியுள்ள அறிவு, அவர்கள் மறைவதற்குமுன் சட்டத்தின் முன் சான்றாக நிலைபெறும்.