கார்ட்டூன் மாந்தரும் வழிப்படைப்பும்

1. பொருளும் வரம்பும்

தொலைக்காட்சியில் பல்லாண்டு காலம் ஒளிபரப்பாகி மக்கள் உள்ளத்தில் நிலைபெற்ற கார்ட்டூன் மாந்தரைக் கொண்டு, அவற்றின் சுவைஞர்கள் தாமே காணொளிகள் ஆக்கி இணையத்தில் வெளியிடும் வழக்கம் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பெருகியுள்ளது. இவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் இளைஞர், ஊதியம் கருதாதவர், மூலப் படத்தின் உரிமையாளரிடம் இசைவு பெறாதவர். எனவே இக்காணொளிகளைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்குவாரும், களவெனக் கடிவாரும் உளர். இலக்கிய மாணவர் இவற்றை நோக்குதற்கு இடமுண்டோ என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. முன்னோர் படைப்பை அடியொற்றிப் பின்னோர் படைக்கும்போது எது வழிப்படைப்பு, எது களவு என்னும் பழைய சிக்கல் இங்கே புதிய உருவில் எழுகின்றது. ஆதலின் இஃது எம் துறைக்குப் புறம்பான பொருள் அன்று எனக் கருதுகின்றோம்.

2. தோற்றம்

இவ்வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1975ஆம் ஆண்டில் காண்டி ஃபாங் என்னும் அம்மையார் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் நிழற்படத் தகடுகளை ஒரு பாட்டுக்கு இயையத் திரையில் அடுத்தடுத்துக் காட்டினார். சுவைஞர் ஆக்கங்களின் முன்னோடியாக இதனையே கூறுவர். 1982இல் ஓர் அமெரிக்க இளைஞர் இரண்டு வீடியோப் பதிவுக் கருவிகளை இணைத்து, 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ' என்னும் சப்பானியக் கார்ட்டூனின் போர்க் காட்சிகளை, அன்பைப் போற்றும் ஓர் ஆங்கிலப் பாட்டோடு பொருத்தினார். காட்சி அழிவைக் காட்ட, பாட்டு அன்பைக் கூற, இரண்டின் முரணிலிருந்து மூன்றாவதொரு பொருள் பிறந்தது. அம்மூன்றாம் பொருள் படத்திலும் இல்லை, பாட்டிலும் இல்லை, இணைத்தவன் செயலில் உள்ளது.

2004இன் இறுதியில், 1990இல் ஒளிபரப்பான 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' என்னும் தொடரின் துண்டுகளை வெட்டியும் திருப்பியும் ஒட்டிய ஒரு காணொளி இணையத்தில் வெளிவந்தது. பின்னாளில் 'யூடியூப் பூப்' என்னும் இழிபெயரைத் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்ட ஒரு வகைக்கு அதனை முதலாகக் கொள்வர். யூடியூப் தளம் தொடங்கப்பெற்றதோ 2005இல். தளம் தோன்றுமுன்னரே வகை தோன்றிவிட்டது என்பது நோக்கத்தக்கது. கருவி கலையைப் பரப்பிற்று, படைக்கவில்லை.

3. தொலைக்காட்சிக் கார்ட்டூனின் இயல்பு

திரைப்படக் கார்ட்டூன்களினும் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களே இவ்வாக்கங்களுக்கு மிகுதியும் இடம் தந்தன. இதன் காரணத்தை அவை உருவான முறையில் காணலாம். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவரும் 1940 முதல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களை ஆக்கி வந்தனர். 1957இல் அந்நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடவே, அவ்விருவரும் தொலைக்காட்சிக்குத் திரும்பினர். அங்குப் பொருளும் குறைவு, காலமும் குறைவு. ஆதலின் ஓவியங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தனர். உடல் அசையாது நிற்க வாய் மட்டும் அசையும்; ஓடும் மாந்தர்க்குப் பின்னே ஒரே வீடும் ஒரே மரமும் மீண்டும் மீண்டும் கடந்து செல்லும். யோகி கரடி கழுத்துப் பட்டையணிந்து தோன்றுவது அழகு கருதி மட்டும் அன்று. தலையைத் தனியே வரைந்து அசைத்தற்கு உடலோடு கூடும் இடத்தை மறைத்தல் வேண்டியிருந்தது.

இச்சிக்கனத்தால் விளைந்த பயன் எதிர்பாராதது. அசைவுகள் சிலவேயாக, அவை தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்து நின்றன. பிரிந்து நிற்பதைப் பிரித்தெடுத்தல் எளிது. எடுத்ததை வேறோரிடத்துச் சேர்த்தலும் எளிது. மேலும், ஒரு மாந்தனின் உடையும் குரலும் நடையும் பகுதிக்குப் பகுதி மாறாமையின், பத்தாண்டு இடைவெளியுள்ள இரு பகுதிகளிலிருந்து எடுத்த காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இதனோடு, மறு ஒளிபரப்பால் ஒரே பகுதியைப் பன்முறை கண்ட சுவைஞர்க்கு மூலம் மனப்பாடமாயிற்று. வழிப்படைப்பு தழைத்தற்கு வேண்டுவன இரண்டு: பிரிக்கத்தக்க மூலம், அம்மூலத்தை அறிந்த அவை. இவ்விரண்டும் இங்கு அமைந்தன.

4. நால்வகையும் ஐந்தாவதும்

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கின்றது. அப்பாகுபாடு நூல்கட்கு உரியது. எனினும் அதனை ஓர் அளவுகோலாகக் கொண்டு இக்காணொளிகளை நோக்குதல் தெளிவு தரும்.

பல பகுதிகளிற் சிதறிக் கிடக்கும் காட்சிகளுள் ஒரு மாந்தனின் அச்சத்தையோ நட்பையோ காட்டுவனவற்றை மட்டும் தேர்ந்து ஒரு பாட்டின் அளவுக்குள் அடக்குவது தொகுத்தல். மூலம் சொல்லாது விட்ட இடத்தைப் புதுக் காட்சிகளால் நிரப்புவது விரித்தல். இரண்டும் விரவி வருவது தொகைவிரி.

மொழிபெயர்ப்புக்கு ஒப்பாவது 'மறுவரைவு' எனத் தகும். மூலத்தின் உரையாடலையும் நிகழ்ச்சிமுறையையும் மாற்றாது, ஓவியத்தை மட்டும் பலர் பகுத்துக்கொண்டு தத்தம் பாணியில் மீண்டும் வரைவது இவ்வகை. 2014இல் வெளிவந்த 'மூன் அனிமேட் மேக்-அப்' என்னும் காணொளியில் 250க்கு மேற்பட்ட ஓவியர் கூடி, 'செய்லர் மூன்' தொடரின் ஒரு பகுதியை மீண்டும் வரைந்தனர். 2004இல் வந்த 'ஸ்பாஞ்ச்பாப்' திரைப்படம் முழுவதையும் 300க்கு மேற்பட்டோர் மீண்டும் ஆக்கி 2022 மே 1 அன்று வெளியிட்டனர். இவற்றைக் காண்பவர் கதையை அறியும் பொருட்டுக் காண்பதில்லை. கதை முன்னரே தெரியும். ஒரே முகம் கை மாறுந்தோறும் எதை இழப்பினும் அடையாளம் இழவாது, எதை இழப்பின் இழக்கும் என்பதையே கண்டு மகிழ்கின்றனர். பாட வேறுபாடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர்க்கு இவ்வின்பம் புதிதன்று.

இந்நான்கினுள் அடங்காத ஒன்றும் உண்டு. மாந்தர் பேசிய பேச்சை ஒலி ஒலியாக வெட்டி, அவர் ஒருகாலும் பேசாத தொடரை அவர் குரலாலேயே பேசச் செய்வது அது. இதனை ஆக்குவோர், ஒலியை எழுத்துக் கணக்கில் வெட்டினால் பேச்சு இயற்கையாக அமைவதில்லை என்பதை விரைவில் உணர்கின்றனர். ஓர் உயிரொலி தனக்கு முன்னின்ற மெய்யின் சாயலைத் தன்னுள் ஏற்று நிற்கின்றது. வேறொரு மெய்யின் பின் அதனை வைப்பின் ஒட்டு வெளிப்படுகின்றது. ஆகவே ஒலிச் சூழல் ஒத்த இடங்களைத் தேடி எடுத்து இணைக்கின்றனர். ஒலியியலார் ஆய்வுக்கூடத்திற் காண்பதை இவர்கள் பழக்கத்தாற் கண்டனர் எனலாம்.

இவ்வகை மூலத்தின் முடிபோடு ஒத்துப்போவதில்லை. மாறுபடுதலே அதன் நோக்கம். அறம் உரைத்த மாந்தன் பிதற்றுகின்றான், வீரன் கோழையாகின்றான். வழிநூல் முதனூலின் முடிபோடு ஒத்துத் தனக்கு வேண்டும் வேறுபாட்டையும் உடையதாதல் வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. அவ்வாறாயின் இதனை வழிநூலின்பாற் படுத்தல் பொருந்தாது. பழைய உரைகளில் எதிர்நூல் என ஒன்று பேசப்படுகின்றது. பிறன் கொள்கையை மறுத்துத் தன் கொள்கையை நிறுவுவது அதன் இயல்பு. இவ்வெட்டொட்டுக் காணொளிகள் கொள்கை எதனையும் நிறுவுவதில்லை எனினும், மூலத்தின் போலிப் பெருமிதத்தை மூலத்தின் குரலாலேயே மறுக்கின்றன. ஆதலின் எதிர்ப்படைப்பு எனத் தனியே வகுத்தல் தகும்.

5. ஒரு சான்று

'தி சிம்ப்சன்ஸ்' என்னும் தொடர் 1989 டிசம்பரில் தொடங்கியது. 1996 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பான ஒரு பகுதியில், பில் ஓக்லி எழுதிய மூன்று நிமிடத்துக்கும் குறைந்த ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் தம் மேலதிகாரியாகிய சால்மர்ஸை விருந்துக்கு அழைக்கின்றார். அடுப்பில் இறைச்சி கரிந்துபோகின்றது. கடையில் வாங்கிய ஹாம்பர்கர்களைத் தாம் சமைத்தனவாகக் காட்டி, 'ஸ்டீம்ட் ஹாம்ஸ்' எனப் பெயரும் இடுகின்றார். அடுக்களையில் எரியும் தீயை வடதுருவ ஒளி என்கின்றார். வீடே எரிகையிலும் அதனையே சாதிக்கின்றார். ஒளிபரப்பாகி ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து இச்சிறு நிகழ்ச்சி எண்ணிறந்த வழிப்படைப்புகளுக்கு மூலமாயிற்று. 13 வினாடிக்கு ஓர் ஓவியராகக் கைமாறி வரைந்த வடிவமும் அவற்றுள் ஒன்று.

இந்நிகழ்ச்சி இவ்வளவு வடிவங்களைப் பெற்றமைக்குக் காரணம் அதன் யாப்பு என்பது எம் கருத்து. அதிகாரி ஐயுறுகின்றார், தலைமையாசிரியர் பொய் கூறுகின்றார், அப்பொய்யைக் காக்க அதனினும் பெரிய பொய் வேண்டப்படுகின்றது. ஐயமும் விடையுமாக அடி அடியாக ஏறிச் செல்லும் இவ்வமைப்பில் அடுத்து வருவது எது என்பதில் ஐயமில்லை. அமைப்பு இறுக்கமாயிருத்தலின் சிறிய மாற்றமும் உடனே புலப்படுகின்றது. ஒரு சொல்லை மாற்றினும், ஒரு பொய்யை அதிகாரி நம்ப மறுத்தாலும், கேட்போர் திடுக்கிட்டு நகைக்கின்றனர். கட்டுக் குலைந்த கதையில் மாற்றம் செய்தால் அதனை மாற்றமென அறிவார் யார்? மூலத்தின் திட்பமே வழிப்படைப்பின் உரிமை வெளியாகின்றது. நல்ல வழிப்படைப்பு மூலத்தின் அமைப்பை வெளிக்காட்டும் உரையும் ஆகின்றது.

6. களவோ

இனி, களவென்பார் கூற்றை ஆராய்வோம். அக்கூற்றில் வலிமை உண்டு. உழைத்து ஆக்கியவன் பொருளைப் பிறன் இசைவின்றி எடுத்தாளுதல் முறையன்று என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஒளிபரப்பைப் பதிந்து அப்படியே வெளியிட்டுப் பொருளீட்டுவார் பலர் இருப்பதும் உண்மை. அவர்க்காக யாம் வாதிடவில்லை.

அமெரிக்கச் சட்டத்தின் நிலை நோக்கத்தக்கது. 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 107ஆம் பிரிவில், நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தந்து, நான்கு கூறுகளை நோக்குமாறு பணிக்கின்றது: எடுத்தாளும் நோக்கம், மூலத்தின் தன்மை, எடுத்தாண்ட அளவு, மூலத்தின் வாணிகத்துக்கு நேரும் விளைவு. 1994இல் ஒரு நையாண்டிப் பாட்டைப் பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், புதிய படைப்பு மூலத்துக்குப் புதுப்பொருள் தந்து உருமாற்றுகின்றதா என்பதை முதன்மையாகக் கருதிற்று. 2023இல் ஆண்டி வார்ஹால் ஓவியம் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம், புதுப்பொருள் தருதல் ஒன்றே போதாது, பயன்பாட்டின் நோக்கம் மூலத்தின் நோக்கத்தினின்று வேறாதலும் நோக்கப்படும் என வரையறுத்தது. எனவே சட்டமும் ஒரே கோட்டில் நிற்கவில்லை.

நடைமுறையோ நீதிமன்றத்தை எட்டுவதில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளர் அறிவிப்பு விடுத்தால் தளம் காணொளியை நீக்கும். 2007இல் யூடியூப் அமைத்த 'கன்டென்ட் ஐடி' என்னும் பொறிமுறை, பதிவேற்றப்படும் ஒவ்வொன்றையும் மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. பொறிக்கு ஒப்புமை காணத் தெரியும். வேறுபாட்டின் பொருளை உணரத் தெரியாது. வழிப்படைப்பை வழிப்படைப்பாக்குவது அவ்வேறுபாடே அன்றோ? முன்னர்க் கூறிய 2022ஆம் ஆண்டு மறுவரைவும் வெளியான சிறிது பொழுதில் உரிமைக் கோரிக்கையால் தடுக்கப்பட்டுப் பின்னரே மீண்டும் காணக் கிடைத்தது. 300 பேர் கையால் வரைந்த ஒன்றுக்கே இந்நிலையாயின், தனியொருவர் ஆக்கத்தின் நிலை சொல்ல வேண்டா.

யாம் கொள்ளும் அளவுகோல் இது: மூலத்தை முன்னரே அறிந்தவர்க்கு ஒரு காணொளி புதியதொன்றைக் காட்டுகின்றதா? காட்டுமாயின் அது வழிப்படைப்போ எதிர்ப்படைப்போ ஆகும். மூலத்தைக் காணாதவர்க்கு மூலத்துக்கு மாற்றாக நின்று, அறிந்தவர்க்குப் புதியது எதுவும் தாராதாயின் அது படி மட்டுமே. களவு என்னும் சொல் அதற்கே பொருந்தும்.

7. முடிவுரை

1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் வில்லி' என்னும் மிக்கி மவுஸ் படம், 95 ஆண்டு உரிமைக்காலம் கழிந்து, 2024 சனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமையாயிற்று. அக்கணக்கின்படி 1996இன் ஸ்கின்னர் விருந்து 2091 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டது. அதனை இன்று எடுத்தாளும் இளைஞருள் அந்நாளைக் காண்பார் சிலரே. எனவே இவ்வாக்கங்கள் உரிமையாளரின் பொறுமையையும் தளத்தின் விருப்பத்தையும் நம்பியே வாழ்கின்றன. ஓர் அறிவிப்பால் மறையக்கூடியவை; மறைந்தால் மறுபடி எடுக்கப் படி இல்லாதவை.

மூலம் மட்டும் நிலைத்து அதன் மேல் எழுந்தவை அழியுமாயின், ஒரு தலைமுறை அம்மூலத்தை எவ்வாறு சுவைத்தது, எங்கே நகைத்தது, எதை மறுத்தது என்பதற்குச் சான்று இராது. பெயரளவில் எஞ்சிய நூல்களின் பட்டியலைக் கண்டு வருந்தும் துறையைச் சார்ந்தவர் நாம். உரைகளும் வழிநூல்களும் மறைந்தபின் மூலத்தைக் கற்பது எத்துணை அரிது என்பதை அறிந்தவர்க்கு, கண்முன் நிகழும் இவ்விழப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் ஒரு மூலத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழிப்படைப்புகளை வெளிவந்த நாளும் வேறுபாடும் குறித்து அடைவு செய்வாராயின், அது நல்ல தொடக்கமாகும். அவற்றின் தரத்தைப் பின் வருவோர் ஆய்ந்து கூறுவர். ஆய்தற்குப் பொருள் எஞ்சியிருத்தல் வேண்டும்.