ஈரலுக்கும் கீரைக்கும் அடங்காத ரத்தசோகை

வெளிறிய முகம், வழவழவென்று சிவந்த நாக்கு, மரத்துப்போன பாதங்கள், பையில் பாதி காலியான இரும்புச்சத்து டானிக். “ரத்தம் கம்மியா இருக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுதான் இருக்கோம் டாக்டர்.” இப்படி வருகிறவர்களில் சிலருக்குக் குறைவது இரும்பே அல்ல, வைட்டமின் பி12. முட்டையும் மீனும் தவறாமல் சாப்பிடுகிறவர்களும் இவர்களில் உண்டு. சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை.

பிறவியிலேயே வரும் பழுது

இரைப்பை சுரக்கும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதம் துணைக்கு வந்தால்தான் உணவிலுள்ள பி12 போதிய அளவு குடலில் ஏறும். அதை உருவாக்கும் மரபணு 11-ஆவது குரோமோசோமில் உள்ளது. ஜிஐஎஃப் என்ற பழைய பெயர் இப்போது சிபிஎல்ஐஎஃப் ஆகியிருக்கிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் குழந்தைக்கு அந்தப் புரதம் சரியாகச் சுரக்காது. அரிய நோய்தான். ஆனால் அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. தாயிடமிருந்து வந்த சேமிப்பு தீர்ந்ததும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், குழந்தை வெளிறிச் சோர்ந்துபோகும்.

பெரியவர்களில் பலருக்கு மரபணுவில் குறையிருக்காது. உடலின் எதிர்ப்பு சக்தியே இரைப்பைச் செல்களைத் தாக்கி அழித்துவிடும்.

“ஈரல் கொடுத்தால் போதாதா?”

கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம் எதிலும் இந்த நோய்க்கு உதவும் அளவு பி12 கிடையாது. ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்கு உதவாத போலி.

ஈரலில் நிறைய உண்டு. 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் ஈரல் கொடுத்துத்தான் இந்த நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? தினமும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நாள் தவறாமல்! வாரம் ஒரு நாள் ஈரல் சூப் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பிறகு வில்லியம் காசில் என்பவர் இறைச்சியைத் தானே தின்று, அரைகுறையாகச் செரித்ததை வெளியே எடுத்து நோயாளிகளுக்குச் செலுத்தினார். அவர்களின் ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சிக்கு ஊறவில்லை. குறை சாப்பாட்டில் அல்ல, இரைப்பையில் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நாம் இன்னும் சாப்பாட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

என்னைக் கோபப்படுத்துவது ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கேட்காமல் விழுங்குவது. ரத்த அளவு ஏறும், முகம் தெளியும், வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். உள்ளே பி12 இல்லாமல் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். நடை தள்ளாடும்போது வந்தால், போனதையெல்லாம் மீட்டுத் தர என்னால் முடியாது.

‘நரம்பு ஊசி’ என்று கடையில் சொல்லி பி12 ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் பரிசோதனையில் பி12 அளவு நன்றாக இருப்பதாகவே காட்டும். நோய் பிடிபடாது.

பரிசோதனை

ரத்தத்தில் பி12 அளவு, தேவைப்பட்டால் எதிர்ப்பொருள், மரபணுச் சோதனைகள்.

தயவுசெய்து

பிறவிக் குறையைத் தடுக்க வழியில்லை, நரம்பு கெடுவதைத் தடுக்கலாம். பி12 ஊசி விலை குறைவு. ஆனால் ஆயுள் முழுக்கத் தேவை. நான்கு ஊசியில் தெம்பு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், உங்கள் கல்லீரலில் சேர்ந்த இருப்பு கரையும்வரை ஒன்றும் தெரியாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என்று வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களே, இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களே, உங்களுக்கும் பி12 குறையலாம். கால் மதமதக்கும்போதே வாருங்கள். டானிக் பாட்டிலையும் ஊசிச் சீட்டையும் மறைக்காமல் கொண்டுவாருங்கள், திட்டமாட்டேன்.