பதறும் மனமும் செவிலியர் பணியும்

சிவராத்திரியை ஒட்டி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவாலய ஓட்டம் நடைபெறுவதை மாணவ நண்பர்களாகிய நீங்கள் அறிவீர்கள். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் 12 கோயில்களுள் மூன்றாவது, கோதையாற்றின் கரையில் அருவியை அடுத்து அமைந்த எங்கள் திற்பரப்பு மகாதேவர் கோயில். காவி உடுத்து, விசிறி ஏந்தி, ஓடி வந்து சேரும் அடியார்களின் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது, உடல் வியர்க்கிறது. அதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஓடியவருக்கு அது இயல்பு.

அதே படபடப்பும் இரைப்பும் வியர்வையும், எங்கும் ஓடாமல் தம் வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு நள்ளிரவில் வந்தால் என்ன சொல்வோம்? “உயிர் போகிறது” என்று அவர் நம்புகிறார். வீட்டார் அலறுகின்றனர். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, “இதயத்தில் குறையொன்றும் இல்லை” என்று அனுப்பிவிடுகின்றனர். மறுவாரம் மீண்டும் அதே துன்பம். பல ஆண்டுகள் செவிலியர் பணி செய்தும், பின்னர் அப்பணியை மாணவியர்க்குக் கற்பித்தும் வந்த நான், இத்தகைய நோயாளரைப் பேணும் முறை பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அச்சம் உயிருக்கு ஓர் அரண். அருவியின் தலைப்பில் வழுக்குப் பாறைமீது கால் வைக்கும்போது அஞ்சாதவன் பிழைப்பது அரிது. அப்பொழுது சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பி அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியிற் கலக்கிறது; இதயம் விரைகிறது; குருதி தசைகளை நோக்கிப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று 1915-ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கேனன் விளக்கினார். பாறையும் இல்லை, பகையும் இல்லை. எனினும் ஆயத்தம் மட்டும் ஓயாமல் நடைபெறுகிறது என்றால், அதுவே பதற்ற நோய். மூச்சு வேகமாவதால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல்கள் மரத்துப் போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. இவற்றைக் கண்டு நோயாளி இன்னும் அஞ்சுகிறார். அஞ்சுவதால் மூச்சு இன்னும் விரைகிறது. இது ஒரு சுழல்.

இச்சுழலில் அகப்பட்டவரிடம் செவிலி என்ன செய்ய வேண்டும்? அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்டு பெப்லோ இதற்கு ஒரு வழி வகுத்தார். செவிலிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாக இயங்கும் என்று 1952-இல் வெளியான தம் நூலில் அவர் நிறுவினார். பதற்றத்தை நான்கு படிகளாகவும் அவர் பகுத்தார். முதற்படி இலேசான பதற்றம். தேர்வுக்கு முன்னாள் உங்களைப் படிக்க வைப்பது அதுதான். அது நன்மையே செய்யும். இரண்டாம் படியில் கவனம் குறுகுகிறது. அருகில் சொல்வது மட்டுமே காதில் விழுகிறது. மூன்றாம் படியில் எண்ணம் சிதறுகிறது. நான்காவது பெரும்பீதி, அங்கே அறிவுரைக்கு இடமே இல்லை.

ஆகவே, படியறிந்து பேசுவதே செவிலியின் முதற்கடமை. பெரும்பீதியில் இருப்பவரிடம் நோயின் காரணத்தை விரித்துரைப்பது வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்கு நீச்சல் நூல் படித்துக் காட்டுவது போன்றது. அப்பொழுது வேண்டியவை மூன்று: கூட்டத்தை விலக்கி அமைதியான இடத்தில் இருத்துதல், விட்டுப் பிரியாமல் உடனிருத்தல், “நான் இங்கேதான் இருக்கிறேன். மூச்சை மெல்ல விடுங்கள்” என்பது போன்ற சிறுசிறு சொற்களைத் தாழ்ந்த குரலில் சொல்லுதல். இழுக்கும் மூச்சினும் விடும் மூச்சை நீட்டச் செய்தால் படபடப்புத் தணியும். பதற்றம் இறங்கிய பின்னரே விளக்கமும் பயிற்சியும். ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. முதன்முறை நெஞ்சுவலி என்று வருபவருக்கு இதயநோய், தைராய்டு மிகை முதலியன இல்லையென்று மருத்துவர் தேர்ந்த பின்னரே பதற்ற நோய் என்னும் முடிவுக்கு வருதல் வேண்டும்.

பதற்றத்துக்கு உணவாவது விலகல். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் கல்லூரி செல்லும் ஒரு மாணவிக்கு வழியில் பீதி வந்தது என்று கொள்வோம். மறுநாள் அவள் பேருந்தில் ஏறவில்லை, மனம் ஆறுதலடைந்தது. அந்த ஆறுதலே, “பேருந்து ஆபத்து, வீடே அரண்” என்று அவள் மனத்துக்குக் கற்பித்துவிடுகிறது. ஒரு திங்களில் கல்லூரியே கைவிட்டுப் போகும். செவிலி அவளை வற்புறுத்தி ஏற்றுவதும் இல்லை. வீட்டில் இருக்கச் சொல்வதும் இல்லை. முதல் நாள் நிறுத்தம் வரை, பின்னர்த் துணையோடு ஒரு நிறுத்தத் தொலைவு, பின்னர்த் தனியே. இப்படிப் படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளச் செய்து, ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானே ஏறித் தானே இறங்குவதை அவளே காணுமாறு செய்வதுதான் முறை.

இனி, துன்பம் உடலின் மொழியில் பேசும் நோய்களைக் காண்போம். இது நம் முன்னோர் அறியாததன்று. அகத்திணைத் தலைவி பிரிவால் மெலிகிறாள், வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது, உறக்கம் இல்லை. தாயரும் செவிலியும் இது முருகனால் வந்த அணங்கு என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றனர். நோய் தீரவில்லை. அவள் நெஞ்சை அறிந்த தோழியோ, உண்மையைத் தக்க வகையில் எடுத்துரைக்கிறாள். அதனை அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் கூறும். தலைவி நடித்தாள் என்று அக்கவிஞர்களுள் எவரும் சொல்லவில்லை என்பதை நீங்கள் நோக்க வேண்டும். மெலிவும் உண்மை, அதன் வேர் மனத்தில் என்பதும் உண்மை.

இந்தத் தெளிவு மருத்துவ உலகுக்கு முழுமையாக வர நெடுங்காலம் பிடித்தது. சோதனையில் காரணம் தெரியாத வலியே இந்நோயின் அடையாளம் என்று முன்னர்க் கருதினர். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அக்கருத்தைக் கைவிட்டது. உடற்குறையொன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிகுறி பற்றிய ஓயாத எண்ணமும் கவலையும் ஒருவரின் வாழ்வை விழுங்குமானால் அதுவே நோய் என்று வரையறுத்தது.

ஆதலால், “உனக்கு ஒன்றுமில்லை” என்னும் சொல்லைச் செவிலி தன் நாவிலிருந்து நீக்க வேண்டும். பால்வெட்டு முடித்துக் களைத்து வரும் ஓர் அம்மையார், நெஞ்செரிவும் உடலெங்கும் வலியும் என்று வருகிறார். ஒன்றுமில்லை என்று கேட்டவுடன் வேறு மருத்துவமனைக்குப் போகிறார். மீண்டும் அதே சோதனைகள். அடகுக்குப் போகும் நகை. நம் பக்கத்து மூதாட்டியர் செவிலியை “மக்களே” என்று விளித்துத் தம் வலியைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்தச் சொல்லுக்கு உரிய விடை காது கொடுத்தல். “வலி உங்களுக்கு இருக்கிறது, அதை நம்புகிறேன்” என்பது முதல் வாக்கியமாகட்டும். பின்னர், வலி கூடும் நாளில் வீட்டில் என்ன நடந்தது, உறக்கம் எப்படி என்று குறித்து வரச் செய்யலாம். ஒரே மருத்துவரை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த நாளில் காணச் செய்வதும் நன்று. கவனிப்பைப் பெற வலி வேண்டும் என்னும் நிலை அப்பொழுது மாறும். அவர் செய்யும் சிறு வேலைகளையும் நடைப்பயிற்சியையும் பாராட்டி வளர்க்கலாம். எனினும் புதிய அறிகுறி தோன்றினால், “பழைய கதை” என்று தள்ளாமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது வகை ஆளுமைக் கோளாறு. இதில்தான் செவிலியர்க்கே பொறுமை சோதிக்கப்படுகிறது. தன்னைப் பற்றிய எண்ணமும் பிறரோடு பழகும் முறையும் நெடுங்காலமாகக் கோணி, அவருக்கும் சுற்றத்தார்க்கும் துன்பம் தருவது இந்நோய். இதனைக் கெட்ட குணம் என்று உலகம் ஏசுகிறது. பலருக்கு இளமையில் பட்ட புறக்கணிப்பும் கொடுமையும் பின்னணியாக உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் விடுத்து, கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதையே முதன்மையாக நோக்குகிறது.

இத்தகையவர் ஒரு செவிலியைத் தெய்வம் என்பார். மற்றொருத்தியைக் கொடியவள் என்பார். மறுநாள் இரண்டும் இடம் மாறும். புகழ்ச்சியில் மயங்கி ஒருத்தி விதியைத் தளர்த்தினால், மற்றவள் அதை இறுக்குவாள். இருவரும் பிணங்கிக்கொள்ள, நோயாளி கைவிடப்படுவார். எனவே செவிலியர் அனைவரும் ஒன்றுகூடிப் பேசி, ஒரே வரம்பை ஒரே குரலில், சினமின்றிக் கடைப்பிடிக்க வேண்டும். “பத்து மணிக்கு வந்து கால் மணி நேரம் உங்களோடு பேசுவேன்” என்று சொன்னால், அந்நேரத்தில் வந்தேயாக வேண்டும். சொன்ன சொல் தவறாத ஒருவரைக் காண்பதே அவருக்கு மருந்து.

இவர்களுள் சிலர் தம்மையே வருத்திக்கொள்வர். உயிரை மாய்க்கவும் முனைவர். அதனை நாடகம் என்று இகழ்தல் பெரும்பிழை. இறக்கும் எண்ணம் உண்டா என்று பரிவோடு நேரே கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. மறைத்துச் சுமந்தவருக்கு இறக்கி வைக்க இடம் கிடைக்கும். உயிர்மாய்ப்புக்கு முனைந்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 115-ஆம் பிரிவில் கூறுகிறது.

அச்சட்டத்தின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. சென்னையில் 1794-இல் ஓர் ஆங்கில மருத்துவரின் தனியார் இல்லமாகத் தொடங்கிய மனநோயாளர் விடுதி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமோ, நோயாளியைப் பூட்டி வைப்பதற்கு மாறாக, குடும்பத்தினரும் உடன்தங்கிப் பேணும் முறையை 1957 முதலே வளர்த்தது. ஆயினும் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடுத்துள்ளது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசி வழி மனநல ஆலோசனை பெறும் வசதி 2022 அக்டோபர் முதல் உண்டு.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பேணுவோரையும் ஒரு கூறாக வைத்து “உழைச்செல்வான்” என்று பெயரிட்டார். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். வெள்ளுடை அணிந்தவர் மட்டுமே பக்கத்தில் இருக்க முடியும் என்பதில்லை. உங்கள் வகுப்பில் நெடுநாள் வாராத தோழன் இருக்கலாம். வயிற்றுவலி என்று அடிக்கடி ஒதுங்கும் தோழி இருக்கலாம். எடுத்ததற்கெல்லாம் சீறுபவரும் இருக்கலாம். அவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது உங்கள் வேலையன்று. ஏளனம் செய்யாமல் பக்கத்தில் அமருங்கள், கேளுங்கள், நம்பத்தகுந்த ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அவர் செல்லும்போது துணையாகச் செல்லுங்கள். உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆவீர்கள். அப்பொழுது செவிலி என்னும் பெயரோடு, அகத்திணைத் தோழிக்கு இருந்த செவியும் உங்களுக்கு வாய்க்கட்டும்.