பெட்டியை விற்றது புதுமுகமா, பழைய நட்சத்திரமா?

மறைமலை நகரில் மின்சார ரெயில் ஏறினால், செல்போனில் விளையாடிக்கொண்டே வருகிறவர்களைப் பார்க்கலாம். செல்போன் பரவுவதற்கு முன்பே, விளையாட்டுக்கென்று கையடக்கமான தனிப் பெட்டி வந்துவிட்டது.

பெட்டி மட்டும் போதுமா? அதில் ஆட நல்ல விளையாட்டு வேண்டும். அது புதுமுகமாக இருந்தால் பெட்டி விற்குமா? பெயர் பெற்ற நட்சத்திரமாக இருந்தால் விற்குமா?

ரஷியப் புதுமுகம்

1989-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி "கேம் பாய்" என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதனுடன் எந்த விளையாட்டைச் சேர்த்துக் கொடுப்பது? கம்பெனியிடம் புகழ் பெற்ற "மாரியோ" இருந்தான். ஆனால், "டெட்ரிஸ்" கொடுத்தால் பெரியவர்களும் வாங்குவார்கள் என்று ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரி வாதாடினார்.

டெட்ரிஸ், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. அதுவே வென்றது!

7 ஆண்டுகள் ஓடின. பெட்டிக்கு வயதாகிவிட்டது. 1996-ல் "போக்கிமான்" வந்தது. சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி படைத்தது. கிழப் பெட்டிக்கு மீண்டும் இளமை!

கைகொடுத்த மாரியோ

2011-ல் "3டிஎஸ்" என்ற புதிய பெட்டி வந்தது. விற்பனை படுத்துவிட்டது. 25 ஆயிரம் யென் விலையை ஆறு மாதத்துக்குள் 15 ஆயிரமாகக் குறைத்தார்கள். கம்பெனித் தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார்.

ஆண்டு இறுதியில் மாரியோவின் இரண்டு விளையாட்டுகள் வந்தன. விலையும் குறைவு, மாரியோவும் உண்டு! பெட்டி பிழைத்தது. மொத்தம் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது.

புதுமுகம் புது வாடிக்கையாளரை அழைத்து வரும். பழைய நட்சத்திரம் தள்ளாடும்போது தாங்கிப் பிடிக்கும். இரண்டும் வேண்டும். இன்றைய நட்சத்திரமான போக்கிமானும் ஒரு நாள் புதுமுகம்தானே!