முதல் நாள் பால் எங்கே போயிற்று?

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு கறவைப் பசு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈற்று, கன்றுக்கு ஒரு மாதம் ஆகிறது. விற்றவர் வீட்டில் உங்கள் கண்ணெதிரே ஒரு வேளைக்கு நான்கு லிட்டர் கறந்து காட்டினார்கள். மறுநாள் காலை உங்கள் கொட்டிலில் அம்மா கறக்க உட்கார்ந்தால் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. "ஏமாந்துவிட்டோமே!" என்று அப்பா தலையில் கை வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் சிரிக்கிறார். "பால் எங்கேயும் போகலைப்பா. புது எடம், புதுக் கை. மாடு அடக்கிக்கிட்டு நிக்குது. நாலு நாள் பொறு."

பாட்டி சொல்வது சரியா? பசுவால் பாலை அடக்கிக்கொள்ள முடியுமா?

மடி என்றால் பால் நிரம்பிய பை என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பை அன்று. உள்ளே திராட்சைக் கொத்துப் போலக் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. இரத்தத்திலிருந்து சத்துகளை எடுத்துப் பாலை உண்டாக்குபவை அவைதாம். ஒவ்வொரு நுண்ணறையையும் சுருங்கக்கூடிய செல்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. காம்புக்கு மேலே ஒரு சிறு தொட்டி உண்டு. அதில் இறங்கியிருப்பது மொத்தப் பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அம்மா கறந்தது அந்தத் தொட்டிப் பாலை மட்டுமே!

மீதி எப்படி இறங்கும்? கன்று மடியை முட்டி ஊட்டும்போது, காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வலைச் செல்கள் இறுகி, நுண்ணறைகளைப் பிழிகின்றன. காம்புகள் விறைத்து நிற்கும். இதைத்தான் 'மாடு சுரப்பு விட்டது' என்கிறோம். பழகிய பசுவுக்கு வாளிச் சத்தமும் கறப்பவர் குரலுமே போதும். இந்த ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் து விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பசு பயந்தால்? அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் 1941இல் வெளியிட்ட சோதனை வேடிக்கையானது. பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பத்து விநாடிக்கொரு முறை காகிதப் பையை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. (பூனை தேவையில்லை, வெடிச் சத்தமே போதும் என்று பிறகு விட்டுவிட்டார்கள். பூனை பிழைத்தது!) அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிடோசினை மடியில் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது மட்டுமன்று. இடம் புதிதாக இருந்தால் மூளை ஆக்சிடோசினை வெளியிடுவதே குறைந்துவிடுகிறது என்று பின்னர் கண்டார்கள். ஆகவே பாட்டி சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: பசு வேண்டுமென்று அடக்கவில்லை. பாலை இறக்க அதனால் முடியவில்லை.

இந்த நாலு நாளில் அலட்சியமாக இருந்தால் வருவது உண்மையான நஷ்டம். கறக்காமல் தங்கிய பால், 'இனி இவ்வளவு வேண்டாம்' என்று நுண்ணறைகளின் வேலையைக் குறைத்துவிடும். மடிநோய்க் கிருமிகளுக்கும் அது நல்ல தீனி. அதற்காக அடித்தாலும் அதட்டினாலும் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். சிலர் ஆக்சிடோசின் ஊசியைத் தேடுவார்கள். பால் பெருக்குவதற்காக மாட்டின் உடலுக்குக் கேடான ஊசி போடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அம்மா ஒருவரே, தினமும் ஒரே நேரத்தில் கறக்கட்டும். நாயையும் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தையும் விலக்குவது உங்கள் வேலை. முதலில் கன்றை ஊட்ட விடுங்கள். பிறகு மடியைச் சுத்தமான நீரில் கழுவி, துணியால் துடைக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சுப் பாலை ஒரு கறுப்புத் துணிமேல் விட்டுப் பாருங்கள். திரித்திரியாக இருந்தால் மடிநோய் என்று ஐயப்பட்டுக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். சுரப்பு விட்டதும் தாமதம் கூடாது. ஆக்சிடோசினின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆறேழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். பலர் கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறக்கிறார்கள். அதனால் காம்பின் உட்புறம் புண்படும். காம்பை முழுக் கையாலும் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக மூடுவதே நல்லது.

தீனி விஷயத்திலும் அவசரம் வேண்டாம். பழைய வீட்டில் தின்ற அதே தீவனத்தைக் கேட்டு வாங்கி வந்து, புதியதைப் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். அன்பு மிகுதியால் பானைச் சோற்றை வைத்துவிடாதீர்கள். வயிற்றில் அமிலம் பெருகி மாடு செத்தே போகும்.

பசு பழகியபின் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் கறந்த பாலை ஒரு கண்ணாடிப் புட்டியிலும், கடைசியாகக் கறந்ததை அதேபோன்ற இன்னொரு புட்டியிலும் சம அளவு ஊற்றி, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் நிறுத்துங்கள். சில மணி நேரம் கழித்து மேலே திரண்ட ஏட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். எந்தப் புட்டியில் ஏடு தடிமனாக இருக்கிறது?